மாம்பழ வால்

காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் கருப்பணன் எங்கள் காம்பவுண்டில் உள்ள தண்ணீர் டிரம்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிடுவார். டிரம்மின் பக்கத்தில் விரல் கணுவால் இரண்டு தட்டு. உள்ளேயிருந்து சின்ன மீன் ஒன்று மேலே வந்து வாயைத் திறக்கும். "இருக்கியா, சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரம்முக்குப் போய்விடுவார். யார் வீட்டு டிரம் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

என் டிரம்முக்கு மீன் வந்தது எனக்கே தெரியாமல்தான். போன கார்த்திகை மழையில் எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீடு திரும்பித் துணி அலசலாம் என்று டிரம் மூடியைத் திறந்தால் உள்ளே மீன்கள் ஓடுகின்றன. கருப்பணன் வீட்டுத் தொட்டி மீனை எவனோ விளையாட்டுக்கு அள்ளிப் போட்டிருக்கிறான் என்று காம்பவுண்டுக்கே கேட்கும்படி சத்தம் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கருப்பணனும் தன் வாசலில் நின்றுகொண்டு, யார் பார்த்த வேலையோ என்பதுபோல என்னோடு சேர்ந்து தலையை ஆட்டினார். ரெண்டு நாள் கழித்து, அச்சாபீஸில் பைண்டிங் வேலை பார்க்கிற ஞானசுந்தரிதான் காதோடு சொன்னாள்.

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கே கருப்பணண்ணன் ஒங்க டிரம்மைக் கவுத்து, பிரஷ்சு போட்டுத் தேச்சு, புதுத் தண்ணி புடிச்சு மீனை விட்டாரு. புழு அம்புட்டு நெளிஞ்சுச்சு. ஒங்க டிரம்முலதான் கொசு வந்துச்சுன்னு தெரிஞ்சா நீங்க வெக்கப்படுவீகளாம். யாரும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

நான் அவரைத் திட்டிய திட்டை நினைத்து அன்றைக்குக் கோயிலில் மாதா முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாகவே முழந்தாளில் இருந்தேன்.

கருப்பணனுக்கு நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். ஒடிசலான ஆள், மெதுவான பேச்சு. திருத்தங்கலில் இருந்து ஆமத்தூர்ப் பக்கம் போகிற வழியில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். பட்டாசுக்குள்ளே போகிற வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் அளவாகச் சேர்க்கிற வேலை. அந்த அறைக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது. நைலான் துணி கூடாது. இரும்புச் சாமான் கூடாது. போன் கூடவே கூடாது. அதை வாசல் கேட்டிலேயே ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எதையும் தரையில் இழுக்கக் கூடாது, உரசினால் பொறி வரும். அறைக்குள் கால் வைக்கும் முன் வாசலில் பதித்திருக்கிற செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் பூமிக்குள் போய்விடுமாம்.

வருஷக்கணக்காக இதையே செய்து செய்து வீட்டிலும் அவருக்கு அப்படியே ஆகிப்போயிற்று. நாற்காலியை இழுக்க மாட்டார், தூக்கித்தான் வைப்பார். வீட்டுக்குள் நுழையும் முன் ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுக்கொள்வார். நாங்கள் கோயில் வாசலில் தீர்த்தத்தைத் தொட்டு நெற்றியில் வைப்போமே, பார்க்கிறதுக்கு அது மாதிரி இருக்கும். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "கை தானாப் போகுதுக்கா. தொடாம உள்ள போனா சோறு எறங்க மாட்டேங்குது" என்றார்.

அவர் பெண்சாதி பாண்டிலட்சுமி போன வருஷம் மே மாதம் வரைக்கும் இங்கேதான் இருந்தாள். அந்த மாதம் வேறொரு கம்பெனியில் விபத்து. சத்தம் கேட்டபோது எங்கள் வீட்டு ஓடெல்லாம் குலுங்கியது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. பாண்டிலட்சுமி கருப்பணனுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. போன்தான் வாசல் கேட்டில் பெட்டிக்குள் கிடக்கிறதே. தெரிந்தும் அவள் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் கருப்பணன் தானே வந்து வாசலில் நின்றார். அவர் கம்பெனிக்கு ஒன்றுமில்லை. அவள் அழவில்லை. தட்டை எடுத்து வைத்து, "சாப்பிடுங்க" என்றாள். ஒரு வாரம் போனதும் துணிமணியைக் கட்டிக்கொண்டு காரியாபட்டியில் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

போகும்போது எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அந்த ரூமை விட்டு வெளிய வாங்க. வாட்ச்மேனா இருங்க, லோடு ஏத்துங்க, என்னமும் செய்ங்க. அன்னைக்கு நான் வர்றேன். இன்னொருக்கா அந்த மணியக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க என்னால ஆகாது."

கருப்பணன் அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "நான் வெளிய வந்தா வேற ஒருத்தன் உள்ள போவான்லக்கா. அவன் கை எப்பிடின்னு யாருக்குத் தெரியும்? நான் கலக்குறதத்தான் நாலாம் ரூமுல பொம்பளைக அள்ளி அடைக்கிறாக. அவுகளும் ஒருத்தருக்குப் பெண்சாதிதான்."

ரெண்டு பேர் சொல்வதிலும் ஞாயம் இருந்தது. ஆண்டவரிடம் யார் பக்கம் கேட்பது என்று தெரியாமல் ரெண்டு பேர் பெயரையும் சொல்லி வைத்தேன்.

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். வேலை முடிந்து வந்து குளித்ததும் பாண்டிலட்சுமிக்குப் போன் போடுவார். ஸ்பீக்கரில் போட்டு எங்கேயாவது சாத்தி வைத்துவிட்டுப் பேசுவார். கேட்க வேண்டாம் என்றாலும் கேட்கும்.

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு."

"என்ன ஆச்சு? சோறா, பரோட்டாவா?"

"சோறுதான்."

"பொய் சொல்லாதீக. சால்னா வாசம் காரியாபட்டி வரைக்கும் அடிக்குது."

அவர் சிரிப்பார். பிறகு அவள், "ரூமை மாத்திக் கேட்டீகளா?" என்பாள். இவர் இருமுவார். அவ்வளவுதான், போன் வைத்துவிடும் சத்தம். தினமும் இதே கதை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பேச்சு வேறு பக்கம் போனது. அவள் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "எங்க கடை வாசல்ல கண்ணாடித் தொட்டி வச்சிருக்காக" என்றாள். "அதுல ஒரு மீனு. ஒடம்பு ஒண்ணுமே இல்ல, சுண்டுவெரல்ல பாதி. வாலுதான் இம்புட்டு. மாம்பழக் கலரு. ஓரத்துல மட்டும் மை தீட்டுன மாதிரி கருப்பு. அது திரும்புறப்ப முந்தியை ஒதறி விரிச்ச மாதிரி இருக்கு. ஒங்களுக்குக் காமிக்கணும் போல இருந்துச்சு."

"பேரு என்ன?"

"கப்பின்னு கடைக்காரம்மா சொல்லுச்சு."

அன்றைக்கு அவள் ரூமைப் பற்றிக் கேட்கவே இல்லை. கருப்பணன் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பாண்டிலட்சுமிக்கு அந்த மீன் பிடித்திருக்கிறது. அவள் திரும்பி வருகிறபோது அது இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் தீ அணைக்கத் தண்ணீர்த்தொட்டி உண்டு. அதில் கொசு அடையாமல் இருக்கச் சுகாதார ஆட்கள் கப்பி மீன் விட்டிருந்தார்கள். நிறமில்லாத மீன்கள், உடம்பில் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். அவற்றில் கொஞ்சத்தைத் தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு வந்தார். சிவகாசியில் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, தலைமாட்டு மேசையில் வைத்தார். மீன் வளர்ப்பதைப் பற்றி அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எனக்கும் தெரியாது. காம்பவுண்டில் எவருக்கும் தெரியாது. ஆனாலும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம்.

எங்கள் ஊர்க் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிறதுக்குக் கேன் தண்ணீர்தான். வீட்டுக்கு வந்த உயிருக்கு உப்புத் தண்ணீரைக் கொடுப்பதா என்று கருப்பணன் முழுக் கேனையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். அன்றைக்கு அவர் குடித்தது குழாய்த் தண்ணீர். மறுநாள் சாயங்காலத்துக்குள் மீனெல்லாம் ஒருக்களித்து மிதந்தன. அவருடைய ஒரே மகள் ரோஷினி மதுரையில் விடுதியில் தங்கி நர்சுக்குப் படிக்கிறாள். போனில் கேட்டதும் அவள் எதையோ படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறாள்: "அப்பா, அதுக்கு உப்புத் தண்ணிதான் புடிக்குமாம். நம்ம ஊரு தண்ணி அதுக்கு மாமியா வீட்டு விருந்து. ஒங்கள யாரு கேன் தண்ணி ஊத்தச் சொன்னா?"

"ஒசத்தியாக் குடுத்தேன், செத்துப்போச்சு" என்று கருப்பணன் என்னிடம் சொன்னபோது சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை.

மறுபடியும் தூக்குவாளி. இந்தத் தடவை குழாய்த் தண்ணீர். மீன்கள் ஜோராக ஓடின. ஒரு நாள் வேலை முடிந்து வந்த கையோடு பார்த்தால், ஒரு மீன் தொட்டி அடியில் கிடந்த கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு துடிக்கிறது. பதறிப்போய்க் கையை விட்டு எடுத்துவிட்டார். அலுமினியப் பவுடர் கையை விட்டு லேசில் போகாது. எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அவர் கையே கழுவியிருக்கவில்லை. விடியும்போது ஒரே ஒரு பெட்டைதான் உயிரோடு இருந்தது.

அதற்குப் பிறகு அவர் தொட்டிக்குள் கை விடுவதே இல்லை. தண்ணீர் மாற்ற வேண்டுமென்றால் என் வாசலில் வந்து நிற்பார். "அக்கா, ஒங்க கையைக் கொஞ்சம் குடுங்க." நான் போய்க் கிண்ணத்தால் அள்ளுவேன், கல்லைக் கழுவுவேன். அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அங்கன இல்லக்கா, இங்கன. மெல்ல, மெல்ல" என்று கூடவே குனிவார். வேறொருவர் வீட்டுப் பிள்ளையைத் தூக்க ஆசைப்பட்டுக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும்.

அந்த ஒற்றைப் பெட்டை மீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி போட்டது. கப்பி முட்டை இடாது, குட்டிதான் போடும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கருப்பணன் உரத்துக் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அக்கா! ஓடி வாங்க! பெத்துட்டு அவளே திங்கிறாக்கா!" கடுகுக்குக் கண் முளைத்த மாதிரி குட்டிகள் நாலாபக்கமும் ஓட, தாய் துரத்தித் துரத்தி முழுங்கிக்கொண்டிருந்தது. நான் டீ வடிகட்டியை விட்டு அள்ளின மட்டும் அள்ளினேன். கருப்பணன் சுவரில் சாய்ந்துவிட்டார். "பசிக்கா இல்ல பைத்தியமா? காலையிலதானே தீவனம் போட்டேன்" என்று அந்த மீனைப் பார்த்தே கேட்டார்.

ரோஷினி வழி சொன்னாள். நைலான் கயிற்றைப் பிரித்துக் கற்றையாகத் தொட்டிக்குள் போட்டுவிட்டால், குட்டிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். கருப்பணன் பச்சைக் கயிறு வாங்கி உட்கார்ந்து நூல் நூலாகப் பிரித்தார். "கம்பெனியில நைலானைக் கண்டா அடிச்சு வெளிய தள்ளுவோம். இங்கன அதுதான் உசுரக் காப்பாத்துது" என்று அவருக்கே ஆச்சரியம்.

ஞானசுந்தரிக்கு வேறு சந்தேகம். கதவில் சாய்ந்துகொண்டு, பெண்கள் எல்லோரும் இருக்கும்போதே கேட்டாள்: "ஏண்ணே, வீட்டுல ஆம்பள மீனு ஒண்ணுகூட இல்ல. அப்பறம் எப்பிடிண்ணே குட்டி? எங்கயாச்சும் விசாரிச்சீகளா?"

"போ தாயி, ஒனக்கு வேற வேலை இல்ல" என்று அவர் முகம் சிவந்துபோய் உள்ளே போனார். ஆனால் அவருக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. மகளிடம் எப்படிக் கேட்டாரோ, கேட்டுவிட்டார். சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னார்: "முன்னாடி எப்பவோ சேந்ததுதானாம்க்கா. அதை வயித்துக்குள்ள பத்திரமா வச்சுக்கிட்டு, ஆணே இல்லாம மாசக்கணக்கா குட்டி போடுமாம்." சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். நானும் உள்ளே போய்விட்டேன்.

குட்டிகள் வளர்ந்தன. எல்லாம் கம்பெனித் தொட்டி மீன் நிறம். மாம்பழம் வரவில்லை. சிவகாசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மீன் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "மாம்பழக் கலரு வாலு, ஓரத்துல மை அளவு கருப்பு. இருக்கா?" கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க ஜவுளிக்கடைக்குப் போறவரு தப்பா இங்கன வந்துட்டீக" என்றாராம். கடைசியில் மஞ்சள் வால் ஆண் மீன் ஒன்று வாங்கி வந்தார். வாலில் கருப்பே கிடையாது. கம்பெனி மீனின் கரும்புள்ளி அதோடு சேர்ந்தால் ஒருவேளை ஓரம் கட்டும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு தடவை குட்டி போடும்போதும் காத்திருப்பார். நிறம் ஏற ரெண்டு மாதம் ஆகும். ஏறியதும் பார்ப்போம், வெறும் சாம்பல், இல்லாவிட்டால் வெறும் மஞ்சள். எனக்கு டெங்கு வந்து போன பிறகு, மிச்ச மீன்களை எங்கள் எல்லோர் டிரம்களிலும் பங்கு போடுவார்.

ஆனால் போன் பேச்சு நீண்டுபோனது. இந்தப் பக்கம் நான் கீரை ஆய்ந்து முடித்த பிறகும் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"கருப்பு எம்புட்டு அகலம்? சரியாச் சொல்லு. ரிப்பன் அளவா?"

"ரிப்பன் இல்ல. மை அளவுதான்."

"வாலு நுனி வட்டமா, விசிறியா?"

"விசிறி. இன்னைக்கு என்னையப் பாத்து ஒரு ஆட்டு ஆட்டுச்சு பாருங்க."

"என்ன சேலை கட்டியிருந்த?"

"அது எதுக்கு இப்ப?"

"மீனு எதைப் பாத்து ஆட்டுச்சுன்னு தெரியணும்ல."

"அடப் போங்க" என்பாள். அவள் சிரிப்பது இந்தச் சுவர் வரைக்கும் கேட்கும். மீன் பேச்சு ஓடுகிற வரைக்கும் ரூம் பேச்சு வராது. ரெண்டு பேரும் அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தவக்காலத்தில் ஒரு சாயங்காலம் கருப்பணன் கண்ணாடிப் பாட்டில் ஒன்றை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "அக்கா, வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். பாட்டிலுக்குள் ஒரு மீன். உடம்பு கண்ணாடி மாதிரி. வால் மட்டும் நல்ல பழுத்த மாம்பழம். அது திரும்பியது, வாலின் ஓரத்தில் மயிரிழை போலக் கருப்பு. என் வாயில் தானாக "சேசுவே" என்று வந்துவிட்டது. அவர் அந்த ஜவுளிக்கடை மீனை முன்னே பின்னே பார்த்ததே இல்லை. அவள் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டே அதைக் கொண்டுவந்துவிட்டார்.

"போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள் ஞானசுந்தரி.

"எடுத்தேன் தாயி. போனுல கொசு மாதிரி விழுகுது. நேருல காமிக்கணும்."

குருத்தோலை ஞாயிறன்று நான் பூசை முடிந்து ஓலையோடு வந்தபோது அவர் புறப்பட்டு நின்றார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. தண்ணீர்க் கவரில் மீன், அந்தக் கவர் தூக்குவாளிக்குள். ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆகியும் அவர் காரியாபட்டிக்குப் போனதே இல்லை. ரூமை விடாமல் எந்த முகத்தோடு போவது என்று இருந்தார். இன்றைக்குக் கையில் மீன் இருக்கிறது. விருதுநகர் போய், அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து இன்னொரு பஸ். "ஆடாமக் கொண்டு போகணும்க்கா" என்று வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். அவர் முதுகைப் பார்த்து நான் மனசுக்குள் ஒரு சிலுவை போட்டேன்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். வாளி காலி. ஜன்னல் கம்பியைத் தொடாமலே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் காபித் தம்ளரோடு நானே போய் நின்றேன்.

"கடைக்கு நேராப் போயிட்டேன்க்கா. வாசல்ல அந்தத் தொட்டி இருக்கு. தண்ணி இல்ல, மீனு இல்ல. உள்ள கர்ச்சீப்பை அடுக்கி வச்சிருக்காக."

"மீனு எங்க?"

"ஆயுத பூசைக்கு முன்னாடியே செத்துப்போச்சாம்."

"அப்ப மை அளவு, விசிறி, இன்னைக்கு ஆட்டுச்சுன்னு இத்தனை மாசமாச் சொன்னாளே?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'மீனு செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா அப்பறம் எதைப் பேசுவீக? ரூமைப் பேசுவோம். நீங்க இருமுவீக, நான் வச்சிருவேன்'ங்கிறா."

தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். வாளியைத் திறந்து மீனைக் காட்டினாராம். அவள் மீனைப் பார்க்கவில்லை. இவர் தலையைப் பார்த்து, "முடி பூராம் நரைச்சுப்போச்சே" என்றாளாம்.

"அப்பறம் ஒரு ஏச்சு ஏசுனா பாருங்கக்கா, கடையே திரும்பிப் பாத்துச்சு. 'நான் மீனைக் கேட்டேனா? ஒங்களுக்குக் காமிக்கணும் போல இருக்குன்னுல்ல சொன்னேன். ஒரு பஸ் ஏறி வந்து நின்னு பாத்தா ஆகாதா? அதை விட்டுட்டு வருசம் பூராம் அங்கன ஒக்காந்து மீனைப் பெத்துக்கிட்டு இருந்திருக்கீக'ன்னா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லும்போதே முழங்கையை மடக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாண்டிலட்சுமி கடைக்காரம்மாவிடம் கேட்டு, கர்ச்சீப்பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பித் தன் கையாலேயே அந்த மீனை விட்டாளாம். ரெண்டு பேரும் அதன் முன்னால் நின்றிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இவர் வந்துவிட்டார்.

"ரூமைப் பத்திக் கேட்டாளா?"

"கேக்கலக்கா. இன்னைக்கு அவ கேக்கவே இல்ல" என்றார். அவள் கேட்டிருந்தால் தேவலை என்பது போல இருந்தது அந்தக் குரல்.

அடுத்த நாள் அவர் போர்மேனிடம் போய், கலவை ரூமுக்கு வேறு ஆள் பாருங்கள், நான் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஆள் தேடச் சில வாரம் ஆனது. இன்னொரு கம்பெனியில் அதே வேலையைப் பல வருஷம் பார்த்த ஒருவர் வந்தார். கருப்பணன் தினமும் அறைக்கு வெளியே நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்தாராம். "கை எப்பிடி?" என்று கேட்டேன். "நல்ல கைதான்க்கா. அவசரம் இல்ல" என்றார். சொன்னாரே தவிர, அதற்குப் பிறகு சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நாலாம் ரூம் பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய், சல்லடையை மெல்லப் போடுங்க, காத்து வறட்சியா இருந்தா வெளிய வந்துருங்க என்று அவர்களுக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். "இந்தண்ணன் என்ன, மகளைக் கட்டிக் குடுத்த மாதிரி கெடந்து தவிக்குது" என்று அவர்கள் சிரித்தார்களாம்.

காரியாபட்டியில் அதே ஜவுளிக்கடைக் குடோனில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் கேட்டிருந்தார்கள். ஜூன் மாதம் வீட்டைக் காலி செய்தார். கண்ணாடித் தொட்டியும் மீன்களும் ஞானசுந்தரிக்கு. "ஒண்ணாவது எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்று அவள் எவ்வளவோ சொன்னாள். வேண்டாமென்றுவிட்டார்.

திருத்தங்கல் பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் கூடப் போனேன். ஒரு பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, அவ்வளவுதான் சாமான். புளிய மரத்து நிழலில் நின்றோம். பாண்டிலட்சுமி ரெண்டு தடவை போன் போட்டு எங்கே வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். அவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளை களை ஒரு பக்கம் இருந்தது. கண் மட்டும் ஆமத்தூர் ரோட்டுப் பக்கம் போய்ப் போய் வந்தது. அந்த நேரம் கலவை நடக்கிற நேரம்.

விருதுநகர் பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் பெட்டியைத் தூக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அதன் பக்கவாட்டுப் பொத்தானைச் சத்தம் கடைசி அளவுக்கு ஏறும் வரை அழுத்தி, காதில் வைத்துச் சரி பார்த்து, பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அக்கா, இங்கன சத்தம் கித்தம் கேட்டா எனக்கு ஒரு போன் போட்டுருங்க. எந்தக் கம்பெனின்னு தெரியாட்டியும் பரவாயில்ல, போடுங்க. நான் மொத மணியிலயே எடுத்துருவேன்."